குப்பம் கிட்டார்

கிட்டாருக்குக் கழுத்து உண்டு என்பதே எனக்கு அரைக் கிழவன் ஆன பிறகுதான் தெரியும். தெரிந்து என்ன ஆகப் போகிறது? கல்மண்டபத்தில் கூரியர் கடை வைத்திருப்பவனுக்குப் பெட்டிக்குள் கிட்டார் இருந்தால் என்ன, கருவாடு இருந்தால் என்ன? எடை போட்டோமா, வேனில் ஏற்றினோமா என்று இருக்க வேண்டும். நான் அப்படி இருக்கவில்லை. "அமீரு, உங்களுக்கு ஊர் வம்பு இல்லன்னா சோறு எறங்காது" என்று என் வீட்டில் ஜஹானாரா சொல்வாள். அவள் சொல்வது சரிதான். அதனால்தான் தீபன் ஜெயஸ்ரீ விஷயத்தில் நான் போய் மாட்டிக்கொண்டேன்.

தீபனைக் காசிமேட்டில் எல்லாருக்கும் தெரியும். கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தும் படகில் கால் வைத்தால் வாந்தி எடுக்கிறவன். அவன் அண்ணன்கள் இதை வைத்து இன்றைக்கும் அவனை ஓட்டுவார்கள். அவனும் ரோஷத்தில் கரையிலேயே நின்று படகு மராமத்து பார்க்கிற தச்சு வேலை கற்றுக்கொண்டான். விசைப்படகின் அடிப்பலகை மாற்றுவது, இடுக்கில் பஞ்சு அடைப்பது, படகுக்கு விலா எலும்பு மாதிரி நிற்கிற வங்குக்கால் வளைப்பது எல்லாம் செய்வான். கை நல்ல கை. வாய்தான் துடுக்கு.

அவன் மனைவி ஜெயஸ்ரீ மணலியில் ஒரு டிரான்ஸ்பார்மர் கம்பெனியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். முடியைவிட மெல்லிய செப்புக் கம்பி. பெண் பிள்ளைகளைத்தான் அந்த வேலைக்கு எடுப்பார்கள். சுற்றுகிற ஹாலுக்குப் பின்னாலேயே வார்னிஷ் தொட்டி. சுற்றிய காயிலை அதில் முக்கி எடுத்து அடுப்பில் வைத்துச் சுடுவார்கள். அந்த நெடி ஹால் முழுக்க நிற்கும். கம்பெனி வேன் என் கடை வாசலில்தான் நிற்கும் என்பதால் அந்தப் பெண்களை ஏறும்போதும் இறங்கும்போதும் பார்ப்பேன். ஜெயஸ்ரீ மட்டும் இறங்கியதும் என் கடைப் படியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். "இன்னாமா?" என்றால், "ஒண்ணியுமில்ல பாய், வண்டில தூசு" என்பாள்.

ஒரு நாள் மத்தியானமே வேன் வந்தது. இரண்டு பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற சத்தம் எனக்கு வெளியே கேட்டது. தீபன் பனியனோடு ஓடி வந்தான், தலையெல்லாம் மரத்தூள். ஆட்டோவுக்குள் அவளை உட்கார வைத்துக்கொண்டு, தெருவே பார்க்க அவள் முகத்தைப் பிடித்தான்.

"இனிமே அந்த கேட்டாண்ட நீ போவக் கூடாது ஜெயா. இன்னா ஆனாலும் செரி. நான் பாத்துக்கறேன். கேக்குதா?"

அவளால் பேச முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். குப்பம் கிட்டார் கம்பெனிக்கு யாராவது வரலாறு எழுதினால் அந்த ஆட்டோவில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் தெருவில் எபினேசர் என்று ஒருவன் இருந்தான். ராயபுரம் சர்ச்சில் கிட்டார் வாசிப்பவன். அவனுடைய எலெக்ட்ரிக் கிட்டார் பைக்கிலிருந்து விழுந்து கழுத்து உடைந்துவிட்டது. ரிப்பேர் செய்ய மவுன்ட் ரோடுக்குப் போகாமல், பக்கத்தில் இருக்கிறானே என்று தீபனிடம் கொண்டுபோனான். அங்கே நானும் சும்மா வேடிக்கை பார்க்க நின்றேன்.

"இன்னா எபி, இத்தப் போய் வாங்கிக்கீற? உள்ள அல்லாம் பிளைவுட்டு. நம்ம மீன் பொட்டி கூட இத வுட நல்ல மரம்" என்றான் தீபன்.

"பேசாம ஒட்டிக் குடு மாமு. ஞாயித்துக்கெயம வாசிக்கணும்."

ஒட்டியும் கொடுத்தான். ஒட்டும்போது கம்பிக்கு அடியில் இருந்த கறுப்புக் கட்டையைக் கழற்றி வைத்திருந்தான். சோறு கொண்டுவந்த ஜெயஸ்ரீ அதைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். "யோவ், இது காயிலு தானே? காந்தத்து மேல சுத்திக்கீறாங்க. இத்த நான் கண்ண மூடிகினு சுத்துவேன்" என்றாள். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது அந்தக் காயில்தானாம், பிக்கப் என்று பேர். எபினேசர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அடப்பாவிங்களா, மரம் நீ, காயிலு அது. மிச்சம் இன்னாடா கீது கிட்டார்ல?" என்றான்.

அப்படித்தான் ஆரம்பித்தது. துறைமுகத்துக்குப் பின்னால், வலை போட்டு வைக்கிற தகரக் கொட்டகை ஒன்றைப் பிடித்தார்கள். கிட்டாரின் உடம்புக்கு உடைத்த விசைப்படகின் அயினி மரப் பலகை. கழுத்துக்கு வேங்கை. கழுத்து முடிகிற இடத்தில், கம்பியை முறுக்குகிற தலையைப் படகின் முன்மூக்கு, அணியம் என்போமே, அது போலக் கூராகச் செதுக்கினான். அதில் தமிழிலேயே 'குப்பம்' என்று சுட்டு எழுதினான். பேர் வைத்தது ஜெயஸ்ரீ. "குப்பத்துல கீற, குப்பத்துல செய்யற. வேற இன்னா பேர் வெப்ப?" என்றாள்.

நான் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். ஜஹானாரா கொடுத்தனுப்புகிற சுண்டலோ, ஜெயஸ்ரீ பொரித்த நெத்திலியோ நடுவில் இருக்கும். ஒரு பழைய தையல் மிஷின் மோட்டாரில் பலகையைப் பொருத்தி ஜெயஸ்ரீ காயில் சுற்றுவாள். கம்பி வலது கை விரல் நுனியில் ஓடும். சுற்றும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் இடது கையைத் தூக்குவாள். தீபன் வாயை மூடுவது அந்த நேரத்தில் மட்டும்தான்.

மூலையில் வேங்கைக் கட்டைகளை ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்திருப்பான் தீபன். தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர் தெளிப்பான். மரத்துக்கு எதற்கடா குளியல் என்று கேட்டேன்.

"காஞ்ச மரம் வெடிக்கும் பாய். படகு பலகைல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கணும். அப்பதான் சொன்ன பேச்சு கேக்கும். ஒரேடியா காய வெச்சு அடிச்சன்னு வெய்யி, கடல்ல எறக்குன அன்னிக்கே தண்ணி குடிச்சி உப்பி, ஆணிய எல்லாம் வெளிய துப்பிடும்."

படகுக்கு அது நியாயம். கிட்டாரும் மரம்தானே என்று அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன். அங்கே அடிக்கிற காற்றில் நாங்கள் எல்லாரும் பாதி ஈரம்தான். உப்பு டப்பாவில் உப்பு தண்ணீராக நிற்கும், துவைத்த சட்டை காயவே காயாது. காய்ந்த காற்று என்று உலகத்தில் ஒன்று இருப்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்றும் உண்டு. முதல் கிட்டார் முடிந்தபோது எபினேசர் சொன்னான், "மேல லேக்கர் அடிச்சுடு மாமு. ஸ்ப்ரே. கடைல விக்கிறது அல்லாம் அப்டிதான் வரும்."

"அய்ய, அதெல்லாம் ஆவாது" என்றான் தீபன். "எந்த நாத்தத்துக்கு பயந்து அவள அங்கேர்ந்து இட்டாந்தேன்? அதே நாத்தத்த நானே இங்க அடிக்கவா?"

அதனால் லின்சீட் என்கிற ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து ஏற்றினான். வாங்கினவர்களுக்கு அதுதான் பிடித்தது. பெங்களூரில் ஒருவன் எபினேசர் வாங்கிக்கொண்ட அந்த முதல் கிட்டாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையில் மரத்தையே பிடித்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி ஒன்று கேட்டான். அவன் போட்ட படத்தைப் பார்த்துப் புனேயிலிருந்து இன்னொருவன் கேட்டான். பிறகு டெல்லி, ஹைதராபாத். பாத்திரம் கழுவுகிற நேரத்தில்கூட போன் வந்தது. பெட்டி ஒவ்வொன்றையும் நானே தெர்மாகோல் வைத்துக் கட்டி அனுப்பினேன். உடையும் பொருள் என்று சிவப்பு மையில் நானே எழுதுவேன், பையனிடம் விடமாட்டேன்.

அந்த ஒரு வருஷம் இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட்டால் அல்லா கேட்பான். ஜெயஸ்ரீக்கு விசில் சத்தம் நின்றே போனது. மூச்சு இழுக்கிற மருந்தை எங்கே வைத்தாள் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. கன்னத்தில் சதை போட்டாள். ஜஹானாரா அவள் இடுப்பில் கிள்ளி, "இன்னாடி, கடை அரிசில சமைக்கிறியா, பூரிச்சுட்ட?" என்று கேலி செய்தாள். மாசி மகத்தன்று கடற்கரையில் அவள் மணலில் ஓடுவதைப் பார்த்தேன். அவள் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த கோடையில் ஹைதராபாத்துக்குப் போன கிட்டார் திரும்பி வந்தது. வாங்கினவள் ஷாஸியா என்று ஒரு பெண், மேடையில் வாசிப்பவள். அவளுக்குத் தமிழ் தெரியாது, தீபனுக்கு இங்கிலீஷ் ஓடாது. சேட்டுக் கடையில் வேலை பார்த்த காலத்தில் நான் கற்ற உருது அங்கேதான் உதவியது. அவள் மரியாதையாகத்தான் பேசினாள். கழுத்து வளைந்துவிட்டது, குறுக்கே பதித்த பித்தளைக் கட்டைகளின் முனை பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு கையைக் கிழிக்கிறது என்றாள். விரலில் ரத்தம் வந்த படமும் அனுப்பினாள்.

பெட்டி வந்து, கையில் இருந்த வேலையை முடித்துவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் தீபன் அதைப் பிரித்தான். நானும் இருந்தேன். கிட்டார் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. கட்டைகளின் ஓரத்தில் விரலை ஓட்டினேன், வழவழவென்று இருந்தது.

"இன்னா பாய் கயுத்து வளஞ்சுகீது? எங்க வளஞ்சுகீது? காட்டச் சொல்லு அந்தம்மாவ!"

வீடியோ எடுத்து அனுப்பினோம். அவள் குழம்பிப் போனாள். திருப்பி அனுப்பினோம். ஒரு மாதத்தில் மறுபடி வந்தது. மறுபடியும் கொட்டகையில் பிரித்தால் நேராக இருந்தது. இதற்குள் புனேக்காரனுடையதும் வந்தது, டெல்லியிலிருந்து ஒன்று வந்தது. எல்லாவற்றுக்கும் அதே புகார். எல்லாம் இங்கே வந்தால் நல்ல பிள்ளை. எனக்கு மண்டை குழம்பியது. அனுப்பும்போது பெட்டியில் ஏதாவது செய்கிறேனா என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

தீபனுக்கு ஆத்திரம் ஏறியது. வாய்தான் துடுக்கு என்றேனே. புனேக்காரனை போனில் ஏதோ சொல்லிவிட்டான். அவன் அதையும் ஊருக்குப் போட்டுக் காட்டினான். ஆர்டர் நின்றது.

"அல்லாம் கூட்டு சேந்து பேஜார் பண்றானுங்க" என்றான் தீபன். "குப்பத்துக்காரன் கிட்டார் செய்றது பொறுக்கல."

ஜெயஸ்ரீ காயில் சுற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "ஒர்த்தன் மொகம் ஒர்த்தனுக்குத் தெரியாது. மூணு ஊரு. மூணு பேரும் ஒரே மாரி பொய் சொல்லுவாங்களாயா?"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நீயும் சொல்லல, அவங்களும் சொல்லல. நடுவுல இன்னமோ நடக்குது."

"இன்னா நடக்குது? சொல்லேன். பேய் வந்து வளைக்குதா?"

மறுநாள் ஜெயஸ்ரீ என் கடைக்கு வந்து கவுன்ட்டரில் கையை ஊன்றி நின்றாள். மணலி கம்பெனியிலிருந்து பழைய சூப்பர்வைசர் போன் செய்தானாம். புது ஆர்டர் வந்திருக்கிறது, பழைய ஆட்களைத் திரும்ப எடுக்கிறார்கள், இரண்டு மாசத்துக்குள் சொல்ல வேண்டுமாம்.

"நீ இன்னாமா சொன்ன?"

"ஒண்ணியும் சொல்லல பாய். இவரு நிமுந்துட்டாருன்னா எனக்கு இன்னாத்துக்கு அது? ஆனா நிமுரணுமே."

தீபனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். கொட்டகையில் உளியை விசிறி அடித்தான். அவள் மேலே இல்லை, தகரத்தின் மேலே. "அந்த கேட்டுக்குள்ள நீ போனீன்னா நான் ஆம்பளையே இல்ல" என்று கத்தினான். பிறகு என்னிடம் வந்து, ஹைதராபாத்துக்கு டிக்கெட் போடச் சொன்னான். ஷாஸியாவின் கிட்டாரைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு போய், அவள் முகத்துக்கு நேராக வாசித்துக் காட்டி, மானத்தை வாங்கிவிட்டு வருகிறேன் என்றான்.

போன அன்று சாயங்காலமே போன் வந்தது. குரலில் அப்படியொரு கெத்து.

"பாய்! நேரா கீது பாய்! அந்தம்மாவே தொட்டுத் தொட்டுப் பாக்குது, ஒண்ணியும் பேசல. நான் சொன்னேன் இல்ல?"

ஷாஸியா போனை வாங்கினாள். "பாய், நான் பொய்காரி இல்லை. இவரை ஒரு வாரம் இருக்கச் சொல்லுங்கள். என் ரூமில் கிட்டாரை வைத்துப் பூட்டி, சாவியை இவரே வைத்துக்கொள்ளட்டும்" என்றாள். அந்தப் பெண்ணின் பொறுமைக்கு நான் சலாம் வைத்தேன். தீபனும் வீம்புக்கு ஒத்துக்கொண்டான். நாம்பள்ளியில் ஒரு லாட்ஜில் தங்கி, தினம் போய்ப் பூட்டைத் திறந்து பார்த்துவிட்டு வந்தான். கத்திரி வெயில், அந்த ஊரில் உதடு வெடிக்கிறது, மூக்கில் ரத்தம் வருகிறது என்று ஒரு நாள் சொன்னான். அதையும் நாங்கள் வெயில் என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

அந்த வாரக் கடைசியில் நான் பார்சல் எடை போட்டுக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டான்.

"இன்னாபா? லைன்ல கீறியா?"

"வளஞ்சிட்சி பாய்."

"இன்னாது?"

"கயுத்து வளஞ்சிட்சி. கட்ட அல்லாம் வெளிய நீட்டிகினு கீது. சாவி என் டவுசர்ல தான் கீது பாய். ஒர்த்தரும் தொடல. நேத்தே லேசா கைல உறுத்திச்சி. இல்ல, சொம்மான்னு வுட்டுட்டேன். இன்னிக்கு மெய்யாலுமே கையக் கியிச்சிட்சி."

அழுதான். நடுத்தெருவில் ஆட்டோவில் மனைவி முகத்தைப் பிடித்தவன், ஹைதராபாத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வீட்டில் நின்றுகொண்டு அழுதான். அழாதடா என்று மட்டும் சொன்னேன்.

ஷாஸியா அங்கே கிட்டார் ரிப்பேர் செய்கிற ஒரு பெரியவரிடம் அவனை அழைத்துப் போயிருக்கிறாள். அவர் பார்த்ததும் சொல்லிவிட்டாராம்; ஷாஸியா போனில் உருதுவில் சொல்ல, நான்தான் தீபனுக்குத் தமிழில் சொன்னேன். மரம் ஈரம். உங்கள் கடற்கரைக் காற்றில் செய்தது, அங்கே இருக்கும்வரை சொன்னபடி நிற்கும். காய்ந்த ஊருக்கு வந்தால், ஏசி ரூமில் வைத்தால், உள்ளே இருக்கிற தண்ணீர் போய்ச் சுருங்கும். திரும்ப உங்கள் ஊருக்குப் போனால் குடித்து நிமிர்ந்துகொள்ளும். செய்தவன் கண்ணுக்குப் பிழை தெரியாமல் போவது அதனால்தான் என்றாராம். அப்புறம் இன்னொன்றும் கேட்டிருக்கிறார். மேலே ஏன் லேக்கர் அடிக்கவில்லை? காய்ந்த மரத்தில் லேக்கர் அடித்திருந்தால் காற்றின் ஈரம் போக வர வழியில்லாமல் பெரும்பாலும் தாங்கியிருக்குமே, வெறும் எண்ணெய் எதைத் தடுக்கும்?

"பாய்" என்றான் தீபன் ரயில் ஏறுவதற்கு முன்னால். "ஜெயா கிட்ட மரம் ஈரம்னு மட்டும் சொல்லு. லேக்கர் மேட்டரு வாணாம். அது எனக்காகத்தான் இப்டி ஆச்சுன்னு ஒக்காந்துடும்."

சரி என்றேன். இந்த மாதிரி விஷயத்தில் சரி என்று சொல்வதைத் தவிர வேறு என்ன சொல்வது?

திரும்பி வந்தவன் சும்மா இருக்கவில்லை. ஈரச் சாக்கையெல்லாம் தூக்கி எறிந்தான். தகரப் பெட்டி செய்து, உள்ளே குண்டு பல்பு போட்டுக் கட்டைகளைக் காய வைத்தான். உள்ளே இருக்கும்போது காய்ந்தது, வெளியே எடுத்து இழைப்பதற்குள் கடல் காற்றைக் குடித்து முறுக்கிக்கொண்டது. ஐஸ் கம்பெனிக்காரன், பேங்க்காரன் என்று ஏசி வைத்திருக்கிற ஒருவனையும் விடாமல், மரம் இழைக்க ஒரு மூலை கேட்டுப் பார்த்தான். யார் கொடுப்பார்கள்?

நான் பொறுக்கமாட்டாமல், "மாத்தூர்ல கார் பெயின்ட் அடிக்கிறவன் கீறான் இல்ல, அவன்கிட்ட ஒண்ணு குடுத்து அடிச்சுப் பாரேன். வூட்டாண்ட வாசனையும் வராது" என்றேன். கொடுத்தான். பளபளவென்று வந்தது. கொட்டகைச் சுவரில் மாட்டினான். உள்ளே இருந்த ஈரம் போக இடமில்லாமல் லேக்கருக்குள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. அது மட்டுமா? அந்த நெடி போகவே இல்லை. மறுநாளே ஜெயஸ்ரீயின் நெஞ்சில் பழைய விசில் கேட்டது. தீபன் அந்தக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்த் துறைமுகச் சுவருக்கு அப்பால் வைத்துவிட்டு வந்தான்.

வாங்கினவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினார்கள். சிவப்பு மையில் நான் எழுதிய எழுத்து என்னிடமே திரும்பி வந்தது. கொட்டகைச் சுவர் முழுக்க கிட்டார். ஒரு வாரத்தில் எல்லாம் நிமிர்ந்துவிடும். ஒரு நாள் எபினேசர் ஒன்றை எடுத்து வாசித்தான். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து வாசலில் நின்றார்கள்.

"இன்னா சவுண்டு பாய் இது!" என்றான் எபினேசர். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"அப்ப இங்கயே விக்கலாமேபா" என்றேன்.

"எங்க வாசிக்கிறது? இப்ப ராயபுரத்துல கூட சர்ச்சு, மண்டபம் அல்லாம் ஏசி தான் பாய்."

தீபன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "ஒண்ணாவது கோணலா இருந்துத் தொலையக் கூடாதா?" என்றான். "கோணலா இருந்தா ஒடச்சி அடுப்புல வெப்பேன். இப்டி நேரா நின்னுகினு மொறைக்குது."

கம்பெனி கொடுத்த கெடு முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது ஜெயஸ்ரீ கடைக்கு வந்தாள். அனுப்ப ஒன்றும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கம்பெனிக்கு வரேன்னு சொல்லிட்டேன் பாய்."

"அவன்கிட்ட?"

"சொன்னேன். சோத்த வெச்சேன், கைய கயுவிகினு எழுந்து போய்ட்டாரு." கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தாள். மணலிப் பக்கமிருந்து அன்றைக்குக் காற்று, வழக்கமான கந்தக நாற்றம். "பாய், ஒண்ணு கேட்டா நெசம் சொல்லுவீங்களா? மொதல்லயே பெயின்ட் அடிச்சி இருந்தா நின்னு இருக்கும்ல?"

"எனக்கு அதெல்லாம் இன்னாமா தெரியும்?"

"மாத்தூருக்குக் குடுத்தப்பவே எனக்குத் தெரிஞ்சி போச்சி. அது வரைக்கும் பெயின்ட்டு டப்பாவக் கண்டாலே கடிப்பாரு. திடீர்னு ஏன் குடுக்கறாருன்னு யோசிச்சேன்." சிரிக்கப் பார்த்தாள். "என் மூச்சுக்காவ எண்ண தேய்ச்சாரு. எண்ண தேய்ச்சதால எல்லாம் போச்சு. இப்ப நான் அந்த வார்னிஷுக்கே போறேன். இன்னா பொயப்பு பாய் இது?"

"மரமும் ஈரம்தானேமா. அதுதான் பெருசு."

"எதுவோ ஒண்ணு. எனக்குத் தெரியும்னு அவருக்கு சொல்லாதீங்க. அவரு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு இருக்கட்டும். அந்த ஒண்ணாவது அவருக்கு மிச்சம் இருக்கட்டும்."

இவனும் சொல்லாதே என்கிறான், இவளும் சொல்லாதே என்கிறாள். இருவருக்கும் சரி என்றேன். என்னால் ஆனது அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் ஜஹானாராவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

ஒன்றாம் தேதி காலையில் வேன் வந்தது. லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. தீபன் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தான். ஜெயஸ்ரீ தலைவாரிப் பூ வைத்திருந்தாள், துப்பட்டாவுக்கு மேலே கம்பெனி கோட்டு. புதிதாக வாங்கிய மூச்சு மருந்தைக் கூடையின் மேலேயே வைத்திருந்தான் அவன்.

"மாஸ்க்கு குடுக்கறாங்களாம் இப்ப. நெடியே தெர்லயாம். கூட சுத்தற சுகுணா சொல்ச்சி" என்றாள்.

"ம்" என்றான்.

"மத்தியானம் சங்கரா மீனு கொயம்பு கீது. சுட வெச்சி சாப்புடு. ஆறிப்போனத அப்டியே துன்னாத."

"ம்."

வேனிலிருந்த பெண்கள் இடம் விட்டு நகர்ந்தார்கள். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். வேன் பாலத்துப் பக்கம் திரும்பும்வரை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். நான் ஷட்டரை ஏற்றாமல் அவன் பக்கத்தில் நின்றேன்.

"டீ சாப்புட்றியாபா?"

அவன் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். உளி பிடித்துக் காய்த்த கை, கட்டை விரலில் பழைய வெட்டு.

"முந்தா நேத்து நான் மணலிக்குப் போயிருந்தேன் பாய். ஜெயாக்குத் தெரியாது. சூப்பர்வைசரக் கேட்டேன், அவளுக்கு பதுலு என்ன எடுத்துக்கோ, நானும் சுத்துவேன், கூட இருந்து பாத்துக்கீறேன்னு. சிரிச்சான். ஆம்பளைங்கள எடுக்கறது இல்லன்னான். கால்ல வியாத கொறையா கேட்டேன். செரி, சுத்து பாப்போம்னு மிஷின்ல ஒக்கார வெச்சான்."

"அப்பறம்?"

"அறுந்துச்சி. மறுக்கா கட்டிக் குடுத்தான், அறுந்துச்சி. என் வெரலுல கம்பி நிக்கல பாய். சுத்திகினு இருந்த பொண்ணுங்கல்லாம் சிரிச்சிதுங்க. எழுந்து வந்துட்டேன்."

தூறல் பெரிதானது. அவன் ஒதுங்கவில்லை. நான் அவன் தோளைப் பிடித்துக் கடைச் சாய்ப்புக்கு அடியில் இழுத்தேன்.

"ஒரு பத்து நிமிசம் இருந்திருப்பேன் பாய் அந்த ஹாலுல" என்றான். "எனக்கே தொண்ட பத்திகினு எரிஞ்சிது. அவ சாயங்காலம் வரைக்கும் இருக்கணும்."